இரண்டு கம்ப்யூட்டரை ஒரே தராசில் நிறுத்துப் பார்ப்போம்



சரக்கு வாங்கும்போது மூட்டையின் மேல் உள்ள சீட்டை நாம் நம்புவதில்லை. குத்தூசி போட்டுக் கையில் எடுத்துப் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். கம்ப்யூட்டர் வாங்கும்போது மட்டும் சீட்டைப் படித்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்து விடுகிறோம். துறையூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நாங்களும் அப்படித்தான் ஏமாந்தோம்.

எங்களிடம் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்கள் இரண்டு உண்டு. கடையில் இருப்பது விலை கூடியது. ஐ5 பிராசசர், 8 ஜி.பி. ராம், 1 டி.பி. ஹார்டு டிஸ்க். கிடங்கில் இருப்பது விலை குறைந்தது. ஐ3 பிராசசர், அதே 8 ஜி.பி. ராம், 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஆனால் காலை நேரத்தில் சில்லறைக் கடைக்காரர்கள் பில்லுக்குக் காத்து நின்றது விலை கூடிய கம்ப்யூட்டரின் முன்னால்தான். உப்பிலியபுரம் வாடிக்கையாளர் ஒருவர், "முதலாளி, கையால் எழுதிக் கொடுத்த காலத்தில் இந்நேரம் பஸ் ஏறியிருப்பேன்" என்றார். அடுத்த வாரம் அவர் வரவில்லை.

புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். வாங்குமுன் இரண்டையும் சோதித்துப் பார்த்தோம். ஒரே கணக்கு நகலை இரண்டிலும் ஏற்றி, ஒரே வேலைகளை மும்மூன்று முறை செய்து, கடிகாரம் வைத்துக் குறித்தோம்.

சுவிட்ச் போட்டதிலிருந்து பில் திரை வர: கடையில் 3 நிமிடம் 10 விநாடி, கிடங்கில் 40 விநாடி.
ஒரு வாடிக்கையாளரின் ஓராண்டுப் பேரேடு வர: கடையில் 22 விநாடி, கிடங்கில் 4 விநாடி.
பில் அச்சாக: இரண்டிலும் ஒன்றே. அது பிரிண்டரின் வேகம்.

காரணம் என்ன? ஹார்டு டிஸ்க்கினுள் தட்டு ஒன்று நிமிடத்திற்கு 7,200 முறை சுழல்கிறது. வேண்டிய இடம் முள்ளுக்கு நேரே வரும் வரை காத்திருந்தே படிக்க வேண்டும். ஆகவே சிதறிக் கிடக்கும் விவரங்களை விநாடிக்கு நூறு இடங்களுக்கு மேல் தேடி எடுப்பது அதற்குக் கடினம். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் இல்லை, ஆயிரக்கணக்கில் எடுத்துவிடும். சமையற்காரர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும், சாமான் எடுத்துத் தரும் பையன் மெதுவாக நடந்தால் பந்தி தாமதப்படத்தானே செய்யும்?

இது ஊகமாக நின்றுவிடக் கூடாது என்று, வேறு எதையும் மாற்றாமல் கடைக் கம்ப்யூட்டருக்கும் ஓர் எஸ்.எஸ்.டி. போட்டோம். திரை 34 விநாடியில் வந்தது. விலை கூடிய பிராசசரால் நமக்குக் கிடைத்த லாபம் அந்த 6 விநாடிதான். செலவோ புதுக் கம்ப்யூட்டர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

நினைவில் வைக்க வேண்டியவை:

1. ஒப்பிடும்போது படிக்கல் ஒன்றாக இருக்க வேண்டும். அதே கணக்கு, அதே வேலை. ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

2. எஸ்.எஸ்.டி. பழுதானால் பெரும்பாலும் சத்தம் காட்டாது. தினமும் கடை அடைக்குமுன் கணக்கை வேறொன்றில் நகல் எடுங்கள். ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம்.

3. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்தது. மலிவு என்று பழையதை வாங்குமுன், விண்டோஸ் 11 அதில் ஓடுமா என்று கேளுங்கள். இன்டெல் பிராசசரானால் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது.

4. நம் ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் வாங்குங்கள். 18 சதவீத வரியை வரவு எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது.

உப்பிலியபுரத்துக்காரர் மறுபடி வருகிறார். இப்போது அவர் பஸ்ஸுக்கு ஓட வேண்டியதில்லை.