தேதிக் கட்டம் காலியாக இருந்தால்...

1. இணையப் படிவத்தின் 'திருமண நாள்' போன்ற கட்டாயமில்லாத கட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது, ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்பதைத்தான். இல்லையென்றால் சோதனையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். வெறும் இடைவெளி மட்டும் இருந்தாலும் காலிதான்.

2. காலியை டேட்டாபேஸில் 'நல்' (null) என்றே சேமியுங்கள். ஏதோ ஒரு தேதியைப் போட்டு நிரப்பாதீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் 'நல்'லைத் தேதியாக மாற்றினால் 1970 ஜனவரி 1 வந்து நிற்கும். என் அம்மா திருமண நாளை எழுதாமல் விட்ட ஒரு படிவம், 01-01-1970 என்று அச்சாகி வந்தது. "அப்ப எனக்குப் பத்து வயசுடா" என்று தாளை என்னிடம் நீட்டினார். விட்ட இடத்தை விட்டபடி வைப்பது, எழுதியவருக்கு நாம் தரும் மரியாதை.

3. பாதி நிரப்பியது காலி ஆகாது. பிரவுசரின் தேதிக் கட்டத்தில் நாளும் மாதமும் போட்டு ஆண்டை விட்டுவிட்டால், மதிப்பு காலியாகவே கிடைக்கும். அதை மட்டும் நம்பினால், போட்ட தேதி சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும். 'பேட் இன்புட்' (badInput) என்ற அடையாளத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

4. எழுதியிருந்தால் முழுச் சோதனை உண்டு. ஆண்டு, மாதம், நாள் என்று தனித்தனி எண்களாக 2023 பிப்ரவரி 30-ஐக் கொடுத்தால், ஜாவாஸ்கிரிப்ட் முணுமுணுக்காமல் மார்ச் 2 ஆக்கிவிடும். உருவான தேதியிலிருந்து நாளையும் மாதத்தையும் திரும்ப எடுத்து, கொடுத்ததோடு ஒப்பிடுங்கள். பிரவுசரில் சோதித்தாலும் சர்வரில் மறுபடி சோதிக்க வேண்டும்.

5. 05/06 என்பது ஜூன் 5-ஆ, மே 6-ஆ? கட்டத்தின் பக்கத்திலேயே 'நாள்/மாதம்/ஆண்டு' என்று எழுதிவிடுங்கள்.

6. பிறந்த நாளோடு நேரத்தைச் சேர்க்காதீர்கள். இந்திய நேரம் உலகப் பொது நேரமான யுடிசியைவிட ஐந்தரை மணி முந்தியது. ஆகஸ்ட் 15 நள்ளிரவு 12 மணியை யுடிசிக்கு மாற்றினால் ஆகஸ்ட் 14 மாலை 6.30 ஆகிவிடும், குழந்தை ஒரு நாள் முன்பே பிறந்ததாகப் பதிவாகும். தேதி மட்டும் போதும்.

7. 'தவறான உள்ளீடு' என்றால் யாருக்கும் புரியாது. '2023 பிப்ரவரியில் 28 நாள்தான்' என்று சொல்லுங்கள். போட்ட தேதியை அழித்துக் காலியாக்கவும் ஒரு பொத்தான் வையுங்கள்.

8. பிறந்த ஆண்டு மட்டுமே தெரிந்த பெரியவர்கள் நம்மிடம் நிறைய. அவர்களுக்கு 'ஆண்டு மட்டும்' என்று தனிக் கட்டம் கொடுங்கள். அது இல்லாததால்தான் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பித் தருபவர், "ஜனவரி ஒண்ணுன்னு போட்டுடலாம் பாட்டி" என்கிறார்.