நம்பிக்கைகளும் உண்மைகளும்: பெரம்பூரிலிருந்து ஒரு விண்கலம்

“தமிழில் அறிவியல் புனைவுக்கு வழக்கமே இல்லை சார்.”

1963-லேயே வேற்றுக்கிரகத்தார் இங்கே வந்து போய்விட்டார்கள். ஏ. காசிலிங்கம் இயக்கி எம்.ஜி.ஆர். நடித்த ‘கலை அரசி’யில், தங்கள் கிரகத்துக்கு இசை சொல்லித்தர பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தங்கம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், பாட்டு டீச்சர் போதும் என்ற அந்தக் காரணம் எனக்கு இன்றும் பிடிக்கும். 2015-ல் ஆர். ரவிக்குமார் தன் முதல் படமான ‘இன்று நேற்று நாளை’யில் கால இயந்திரத்தையே கொண்டுவந்தார். மக்கள் குழம்பவில்லை, ரசித்தார்கள்.

“கோடிக்கணக்கில் காசு வேண்டும்.”

2004-ல் வெளிவந்த அமெரிக்கப் படம் ‘பிரைமர்’ ஏழாயிரம் டாலரில் எடுக்கப்பட்டது. அன்றைய மதிப்பில் சுமார் மூன்று லட்சம் ரூபாய். இயக்குநர் ஷேன் கரூத் ஷாட்டுகளைப் புகைப்படங்களாக எடுத்து அடுக்கிப் பார்த்த பிறகே கேமராவைத் தொட்டார். வாங்கிய ஃபிலிம் சுருளில் பெரும்பகுதி படத்திலேயே இருக்கிறது. கோதார் 1965-ல் ‘ஆல்ஃபாவில்’ எடுத்தபோது எதிர்கால நகரத்துக்கு செட் போடவில்லை. அன்றைய பாரிஸின் கண்ணாடிக் கட்டடங்களை இரவில் படம்பிடித்தார், அவ்வளவுதான். சிறிய படத்துக்கு முதல் தேவை, கதைக்குள் எது நடக்கும், எது நடக்காது என்று எழுதி முடித்த பவுண்டட் ஸ்கிரிப்ட். கால இயந்திரம் எத்தனை மணி நேரம் பின்னால் போகும் என்பதை ஸ்பாட்டில் முடிவு செய்யக் கூடாது.

“எடுத்துவிடுவோம், சி.ஜி.யில் பார்த்துக்கொள்ளலாம்.”

தயாரிப்பாளர்களை அதிகம் கடனாளியாக்கிய வாக்கியம் இதுதான் என்பேன். ‘அயலான்’ படப்பிடிப்பு 2018-ல் தொடங்கி 2021-ல் முடிந்தது. படம் தியேட்டருக்கு வந்தது 2024 ஜனவரியில். முன்னணி நாயகன் இருந்த படம் என்பதால் அத்தனை நாள் தாக்குப்பிடித்தது. வட்டிக்கு வாங்கி எடுப்பவருக்கு அந்த வசதி கிடையாது.

சி.ஜி. வேலை லொகேஷன் பார்க்கப் போகும்போதே ஆரம்பிக்கிறது. வி.எஃப்.எக்ஸ். மேற்பார்வையாளரை அந்த வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போங்கள். ட்ரைபாடில் அசையாமல் நிற்கும் ஷாட்டில் ஒரு ரோபோவை நிறுத்துவது எளிது. அதே ரோபோவைக் கையில் பிடித்த கேமராவோடு நடக்கவிட்டால், ஒவ்வொரு ஃப்ரேமிலும் கேமராவின் அசைவைக் கணக்கிட்டுப் பொருத்த வேண்டும். நாயகியின் பறக்கும் கூந்தலுக்குப் பின்னால் பச்சைத் துணி, முன்னால் புகை, பக்கத்தில் பளபளக்கும் எவர்சில்வர் சுவர் என்று வைத்தால் சம்பளம் வேறு கணக்கில் போகும். ஆகவே ஸ்டோரிபோர்டில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே மூன்று விஷயம் எழுதிவையுங்கள்: கேமரா நகர்கிறதா, பொருளை யாராவது தொடுகிறார்களா, அது முழுசாகத் தெரிய வேண்டுமா. மூன்றாவது கேள்விக்குப் பல இடங்களில் ‘வேண்டாம்’ என்றே பதில் வரும். சுவரில் விழும் நிழலும் ஒரு சத்தமும் போதும்.

ஸ்பாட்டில் லென்ஸ் எண், கேமராவின் உயரம், நடிகரிடமிருந்து தூரம் எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். நடிகர்கள் விலகிய வெறும் ஃப்ரேமையும், வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று காட்டும் பளபளப்பான உருண்டையையும் ஒவ்வொரு செட்டப்பிலும் எடுக்க வேண்டும். சில நிமிட வேலை. இதைச் செய்யப்போகும் உதவி இயக்குநர் யார் என்று இப்போதே பெயர் எழுதுங்கள்.

“பெரம்பூர் பூரா லொகேஷன்தானே! ரயில்வே யார்டு இருக்கு, பின்னி மில் இருக்கு.”

பின்னி மில் 1996-ல் மூடப்பட்டது. பிறகு எத்தனையோ படங்களுக்கு அந்தப் பாழடைந்த சுவர்கள் பின்னணியாக நின்றன. இப்போது அங்கே அடுக்குமாடிகள் எழுகின்றன. பழைய படத்தில் பார்த்த சுவரை நம்பி சீன் எழுதியிருந்தால் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். மெட்ரோ வேலை நடக்கும் தெருக்களிலும் தடுப்புகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும், கன்டினியூட்டி கெடும்.

ரயில்வே யார்டு பொது இடமல்ல. அனுமதியின்றி நுழைந்தால் ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லோகோ ஒர்க்ஸும் கேரேஜ் ஒர்க்ஸும் தெற்கு ரயில்வேயின் பணிமனைகள். பக்கத்திலேயே, 1955-ல் தொடங்கிய ஐ.சி.எஃப். தனி நிர்வாகம். ஒரே கடிதம் இரண்டு இடத்துக்கும் செல்லாது. இன்னொன்று: பெரம்பூர், கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ் என மூன்று ஸ்டேஷன்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. கால்ஷீட்டில் வெறும் ‘பெரம்பூர் ஸ்டேஷன்’ என்று போட்டால் யூனிட் வண்டி ஒரு பக்கமும் நடிகர் இன்னொரு பக்கமும் நிற்பார்கள்.

“எண்ணூருக்குப் போனால் செட்டே வேண்டாம், உலகம் அழிந்த மாதிரியே இருக்கும்.”

இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதக் கடைசியில் அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் ஓடினார்கள். அழிந்த உலகமாக உங்களுக்குத் தெரிகிற இடத்தில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். கதை அவர்களைப் பற்றியது என்றால் போங்கள். பின்னணிக்கு மட்டும் என்றால் வேறு இடம் தேடுங்கள்.

வட சென்னையிடம் கேட்க வேண்டியது கைத்திறனைத்தான். காசிமேட்டில் ஃபைபர் படகுக்கு அச்சு எடுத்து ரெசின் பூசத் தெரிந்தவருக்கு விண்கலத்தின் கதவு பெரிய காரியமல்ல. லேத்துப் பட்டறையில் குமிழும் நெம்புகோலும் கடைந்து தருவார்கள். மிச்சத்துக்குப் புதுப்பேட்டையும் ரிச்சி தெருவும் இருக்கின்றன.

“கதையைப் பதிவு செய்துவிட்டேன், இனி யாரும் திருட முடியாது.”

பதிவு, எழுதிய தேதிக்குச் சாட்சி; அதற்கு மேல் இல்லை. வெறும் கருவுக்குக் காப்புரிமை கிடையாது என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதப்பட்ட வடிவத்துக்குத்தான் பாதுகாப்பு. 1967-ல் சத்யஜித் ராய் ‘தி ஏலியன்’ என்ற திரைக்கதையோடு ஹாலிவுட் போனார். அங்கே சுற்றிக்கொண்டிருந்த நகல்களில் தன் பெயரோடு, இலங்கையில் வசித்த மைக் வில்சனின் பெயரும் உரிமையாளராக அச்சாகியிருந்ததைக் கண்டார். வேறு சிக்கல்களும் சேர, அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. ராய்க்கே இந்த நிலை. யாருக்கு எந்த உரிமை, யாருக்கு எவ்வளவு பங்கு என்று நண்பர்களிடமும் கையெழுத்து வாங்கிய பிறகே ஸ்கிரிப்ட்டை வெளியே கொடுங்கள்.