உடலுக்குள் ஊதும் சங்கு

ஒரு காலத்தில் கோவையில் ஆலைச் சங்கு ஊதியதும் தொழிலாளர் வேலைக்கு விரைந்தனர். நம் உடலிலும் அத்தகைய சங்குகள் உண்டு. ஒரு செல் சில புரதங்களை வெளியிட்டு மற்ற செல்களுக்குச் செய்தி அனுப்புகிறது. நரம்பை வளர்க்கும் அத்தகைய புரதத்தைக் கண்டறிந்த இத்தாலியப் பெண்மணி ரீட்டா லெவி மொண்டால்சினி, 1986-இல் ஸ்டான்லி கோஹனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு சிலருக்குச் சூலகத்தில் வளர்கிறது. இதுவே சூலக எண்டோமெட்ரியோசிஸ். மாதந்தோறும் அங்கும் இரத்தம் கசிந்து, வெளியேற வழியின்றித் தேங்கிக் கட்டியாகிறது. அதன் நிறங்கண்டு 'சாக்லேட் கட்டி' என்பர். இடம் மாறி வளரும் அத்திசு எவ்வாறு பிழைக்கிறது? அதுவும் சங்கு ஊதுகிறது! ஒரு புரதம் புதிய இரத்தக் குழாய்களை அழைக்கிறது. ரீட்டா கண்டறிந்த புரதமோ நரம்புகளை அழைக்கிறது. ஆகவே வலி மிகுகிறது.

கருவுறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ 100-க்கு 10 பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ் உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். "பெண்ணாய்ப் பிறந்தால் பொறுக்கத்தான் வேண்டும்" என்ற சொல்லுக்கு அஞ்சிப் பலர் ஆண்டுக்கணக்கில் மறைக்கின்றனர். தோழியரே! எல்லா வலியும் இந்நோயன்று. ஆயினும் பள்ளிக்கு வரவியலாதபடி மாதந்தோறும் வலித்தால் தாயிடம் கூறுவோம்; மருத்துவரை நாடுவோம். மருந்தும் அறுவை சிகிச்சையும் உண்டு. வலியை மறைப்பது பொறுமையாகாது.