கரும்பைன்: வளர்க்கும் வேலை, மெருகேற்றும் வேலை

பைன் மரத்தைப் போன்சாயாக வளர்க்கப் பழகுகிறவர்களில் பலர் முதல் ஆண்டிலேயே கத்தரிக்கோலை எடுத்துவிடுகிறார்கள். பென்சில் பருமன்கூட இல்லாத கன்றின் குருத்தைக் கிள்ளுகிறார்கள், ஊசியிலைகளை உருவுகிறார்கள், சின்ன அழகுத் தொட்டிக்கு மாற்றுகிறார்கள். பத்து ஆண்டுகள் போனாலும் அது மெலிந்த குச்சியாகவே நிற்கிறது. இந்த வேலைகள் ஒவ்வொன்றும் சரியானதுதான், ஆனால் செய்த காலம் தவறு. பைனை வளர்ப்பது ஒரு வேலை, மெருகேற்றுவது அதற்கு நேர் எதிரான இன்னொரு வேலை. உங்கள் மரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை முடிவு செய்துகொண்டு பிறகு கருவியைத் தொடுங்கள்.

ஜப்பானில் இந்த இரண்டு வேலைகளும் பெரும்பாலும் வேறு வேறு கைகளில் நடக்கின்றன. ஷிகோகு தீவின் தகமாட்சு நகரில், கினாஷி, கொகுபுன்ஜி பகுதிகளின் வயல்களில் பைன்கள் பயிர்போல வரிசையாக நிற்கின்றன. அந்நாட்டின் பைன் போன்சாய்களில் சுமார் 80 விழுக்காடு அங்கிருந்து வருவதாகச் சொல்வார்கள். டோக்கியோவுக்கு வடக்கே சைதாமாவில் இருக்கும் ஓமியா போன்சாய் கிராமம் வேறு வகை. 1923 நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவை விட்டு வெளியேறிய போன்சாய்க் கலைஞர்கள் 1925இல் அங்கே குடியேறினார்கள். வயலில் பருத்த மரம் அத்தகையவர்களின் கைக்கு வந்த பிறகுதான் நுணுக்க வேலை தொடங்கும். வீட்டில் வளர்ப்பவர் இரண்டு வேலையையும் தாமே செய்ய வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் ஜப்பானியர் குரோமாட்சு என்று அழைக்கும் கரும்பைனுக்கு. கடற்கரை மரம், வெயிலையும் உப்புக்காற்றையும் தாங்கும், இரண்டிரண்டு ஊசிகளாக இலை விடும். தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல பைன் இல்லை என்பது என் முடிவு. கோடையில் குருத்தை வெட்டினாலும் திரும்பத் துளிர்க்கும் வலிமை இதற்கு உண்டு. கொடுக்கும் மாதங்கள் ஜப்பானுக்குரியவை. ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் ஆறு மாதம் தள்ளிக் கணக்கிடுங்கள். குளிர்காலமே இல்லாத சமவெளிகளில் மரத்துக்கு ஓய்வு கிடைக்காது. அங்கே இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வளர்க்கும் கட்டம்

மார்ச்சில் விதை போடுங்கள். முளைத்து, விதையிலைகளுக்கு நடுவே முதல் ஊசிகள் தலைகாட்டும்போது ஒரு துணிச்சலான வேலை இருக்கிறது. கூரான பிளேடால் தண்டை விதையிலைகளுக்குக் கீழே வெட்டி, ஆணிவேரை முழுவதுமாக நீக்கிவிட்டு, மேல்பகுதியை வேர்த்தூண்டிப் பொடியில் தொட்டு ஈர மணலில் நடுவது. சில கன்றுகள் போய்விடும், அதனால் கூடுதலாக விதைத்துக்கொள்ளுங்கள். பிழைத்தவை வெட்டுவாயைச் சுற்றி நாலா பக்கமும் வேர் விடும். அடிமரம் மண்ணைப் பற்றி நிற்கும் அந்த அமைப்பைப் பின்னாளில் சேர்ப்பது கடினம்.

மண் என்று நாம் நினைக்கும் மண் இதற்கு ஆகாது. அகதாமா என்னும் ஜப்பானியக் களிமண் குருணை, பியூமிஸ், எரிமலைக் கல் மூன்றையும் சம பங்கு கலந்து, தூசியைச் சலித்து நீக்கிப் பயன்படுத்துகிறார்கள். அகதாமா கிடைக்காதவர்கள் சலித்த செங்கல் உடைசலும் பருமணலும் கலக்கலாம். ஊற்றிய தண்ணீர் மேலே தேங்காமல் உடனே இறங்க வேண்டும், அதுதான் சோதனை. நாள் முழுக்க வெயில் படும் இடம் வேண்டும். நிழலில் பைன் சாகும்.

இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் தண்டு வளையும் பதத்தில் இருக்கும்போதே கம்பி சுற்றி, அடியிலிருந்தே வளைவு கொடுங்கள். மேலே மட்டும் வளைத்துவிட்டு அடியை நேராக விட்டால் பின்னால் வருத்தப்படுவீர்கள். அதன் பிறகு உரம் போட்டு, உச்சியை இஷ்டப்படி ஓட விடுங்கள். ஆள் உயரம் போனாலும் போகட்டும். அந்த ஓட்டம்தான் அடிமரத்தைப் பருக்க வைக்கிறது. கூடவே கீழே இருக்கும் சின்னக் கிளைகளில் பச்சை ஊசிகள் இருக்கும்படி காத்துக்கொள்ளுங்கள். ஊசி இல்லாத பழைய மரத்திலிருந்து பைன் துளிர்ப்பது அரிது. உச்சி பெருத்து நிழலிட்டால் கீழ்க்கிளைகள் காய்ந்துவிடும், எனவே உச்சிக் கிளையில் நுனிக் கொத்தை மட்டும் விட்டு, நிழல் தரும் பக்கக் கிளைகளை எடுத்துவிடலாம். அடிமரம் விரும்பிய பருமன் வந்ததும் ஓடிய உச்சியை வெட்டிவிட்டு, கீழ்க்கிளை ஒன்றைப் புதிய உச்சியாக்குங்கள். அதுவும் பருத்ததும் மறுபடி அப்படியே. மேலே போகப்போக மரம் ஒடுங்கி வருவது இப்படித்தான்.

தொட்டி மாற்றுதல்

மொட்டுகள் உப்பத் தொடங்கும் மார்ச் மாதம் ஏற்றது. இளமரத்துக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, முதிர்ந்ததற்கு நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும். வேர்களுக்கிடையே வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தால் பதறாதீர்கள். பைனுக்குத் தண்ணீரும் சத்தும் சேர்த்துத் தரும் துணை அது. எல்லா மண்ணையும் கழுவி வேரை அம்மணமாக்குவது கரும்பைனைக் கொல்லும் வழி. ஒரு பக்கத்துப் பழைய மண்ணை இம்முறை நீக்குங்கள், மறுபக்கம் அடுத்த முறைக்கு. தொட்டி மாற்றிய ஆண்டில், கீழே சொல்லும் குருத்து வெட்டு வேண்டாம். ஓர் ஆண்டுக்கு ஒரு பெரிய அதிர்ச்சிதான் என்ற கணக்கை மீறாதீர்கள்.

மெருகேற்றும் கட்டம்

அடிமரமும் முதன்மைக் கிளைகளும் அமைந்த பிறகே இது. பைனின் வலு எப்போதும் உச்சிக்கும் நுனிக்கும் ஓடுகிறது, உள்கிளைகளும் கீழ்க்கிளைகளும் மெலிகின்றன. வலுத்த இடத்தில் எடுத்து, மெலிந்த இடத்துக்குக் காலம் கொடுப்பதே இனி ஆண்டு முழுவதும் உங்கள் வேலை.

இளவேனிலில் தாராளமாக உரமிடுங்கள். ஜப்பானில் கடுகு இனப் புண்ணாக்கை உருண்டையாக்கி மண்மேல் வைப்பார்கள். நீளும் குருத்துகளை அப்படியே விடுங்கள். ஜூன் நடுவிலிருந்து ஜூலைத் தொடக்கத்துக்குள் அந்த ஆண்டின் குருத்தை அடியோடு வெட்டி எடுங்கள். சில வாரங்களில் வெட்டிய இடத்தில் புது மொட்டுகள் வெடிக்கும். அவை வளர மிஞ்சியிருக்கும் கோடை குறைவு என்பதால் கணுக்கள் நெருங்கும், ஊசிகள் குட்டையாகும். பெரிய மரத்தை முன்னதாகவும் சிறியதைப் பின்னதாகவும் வெட்டுவது இதனால்தான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். மெலிந்த குருத்துகளை முதலில் வெட்டி, வலுத்தவற்றை ஒரு வாரம், பத்து நாள் கழித்து வெட்டுங்கள். முந்தி வெட்டுப்பட்டவற்றுக்கு வளரக் கூடுதல் நாள் கிடைக்கிறது, மரம் சமநிலைக்கு வருகிறது. மிகவும் நலிந்த குருத்தைத் தொடவே வேண்டாம். வெட்டும் நாளில் உரத்தையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புது ஊசிகள் மறுபடி நீளும். மரம் மொத்தமாகவே சோர்ந்திருந்தால் இந்த ஆண்டு வெட்டு கிடையாது.

ஆகஸ்ட், செப்டம்பரில் ஒவ்வொரு நுனியிலும் நான்கைந்து மொட்டுகள் திரண்டிருக்கும். வலமும் இடமுமாக இரண்டை மட்டும் வையுங்கள். உச்சியில் நடுத்தரமானதை, கீழே வலுத்ததைத் தேர்ந்தெடுங்கள். உரத்தைத் திரும்பத் தொடங்குங்கள்.

இந்த முறையை ஐந்தூசி வெண்பைனுக்குச் செய்துவிடாதீர்கள். அது கோடையில் இரண்டாம் முறை நம்பகமாகத் துளிர்க்காது. இளவேனிலில் குருத்து மென்மையாக இருக்கும்போது விரலால் பாதி கிள்ளுவதோடு சரி. நிதானமாக வளரும் அந்த இனத்தின் ஆயுளுக்குச் சான்று வாஷிங்டன் தேசிய மரப்பூங்காவில் இருக்கிறது. 1625இலிருந்து பேணப்பட்ட யமாகி குடும்பத்து வெண்பைன், 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அவர்கள் தோட்டத்திலேயே தப்பியது. 1976இல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போனது. அது ஹிரோஷிமாவில் பிழைத்த மரம் என்பதை 2001இல் பார்க்க வந்த அக்குடும்பத்துப் பேரன்மார் சொல்லித்தான் பூங்காவினர் அறிந்தார்கள். அதன் முன் நிற்க எனக்கு ஆசை உண்டு.

நவம்பர் முதல் ஜனவரி வரை கரும்பைனின் பழைய ஊசிகளை நீக்கும் காலம். உச்சி நுனிகளில் ஐந்து சோடி, நடுவில் ஏழெட்டு, கீழே பத்துப் பன்னிரண்டு என்று விடுங்கள். ஊசியை நுனியை நோக்கி இழுத்தால் பட்டை உரியாது. இப்போது கிளைகளுக்குள் வெயில் இறங்கும், கம்பி சுற்றவும் கை நுழையும். கிளைப் பருமனில் மூன்றில் ஒரு பங்கு தடித்த கம்பி போதும். அலுமினியம் பழகுவதற்கு எளிது, பதப்படுத்திய செம்பு பைன் கிளையை உறுதியாகப் பிடிக்கும். ஏப்ரலிலிருந்து வாரந்தோறும் கம்பியைப் பாருங்கள். கிளை பருத்துக் கம்பி பட்டையில் புதையத் தொடங்கினால், சுற்றைப் பிரிக்க முயலாமல் கம்பிவெட்டியால் ஒவ்வொரு சுற்றாக நறுக்கி எடுங்கள். கிளை பழைய இடத்துக்குத் திரும்பினால் அடுத்த குளிர்காலத்தில் மறுபடி சுற்றலாம்.