உறக்கத்தில் தேயும் பற்கள்

பொழுது புலருமுன் பெரட்டுக்குச் சென்று, வெயில் ஏறுமுன் நிரையை முடிக்க வேண்டிய பால்வெட்டுத் தொழிலாளிக்கு இரவு உறக்கம் இன்றியமையாதது. அவ்வுறக்கத்தில் உடல் முழுவதும் ஓய்ந்திருக்க, தாடை மட்டும் ஓயாமல் வேலை செய்யும் நிலை சிலருக்கு உண்டு. மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் ஒன்றையொன்று அழுத்தி நறநறவென்று அரைபடும். அரைப்பவர் இதனை அறியார். பக்கத்தில் படுத்திருப்பவரே அறிவார். ஒற்றைச் சுவரால் பிரிக்கப்பட்ட பழைய லயத்து வீடுகளில் அடுத்த வீட்டாரும் அறிந்திருப்பர்! மருத்துவர்கள் இதனைப் ‘புருக்சிசம்’ என்பர். கனடாவில் நடத்தப்பெற்று 1994-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, வளர்ந்தோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 8 பேர் உறக்கத்தில் பல்லைக் கடிக்கின்றனர்.

இதனை ஓர் அருவருப்பான பழக்கம் என்று மட்டும் கருதி விட்டுவிடுதல் தவறு. பற்களின் மேலுறையாகிய எனாமல், மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆயினும் அது உயிரற்றது. ரப்பர் மரத்தின் பட்டையை அளவறிந்து சீவினால், சில ஆண்டுகளில் அவ்விடத்தில் புதுப்பட்டை வளர்ந்துவிடும் என்பதைத் தொழிலாளர்கள் நன்கறிவர். பல்லுக்கு அந்தப் பேறு இல்லை. தேய்ந்த எனாமல் மீண்டும் வளர்வதே இல்லை. விழித்திருக்கும்போது வேண்டுமென்றே அழுத்திக் கடிக்கும் விசையைவிட, உறக்கத்தில் கடிக்கும் விசை சிலரிடம் மிகுதியாகவும் இருப்பதுண்டு. நோவு உணர்த்தி நிறுத்தும் அறிவு அப்போது விழித்திருப்பதில்லை அல்லவா?

அறிகுறிகள் யாவை? காலையில் எழுந்ததும் தாடை இறுகி நோதல், பொட்டுகளில் தலைவலி, குளிர்ந்த நீர் பட்டால் பற்கூச்சம், பல்லின் முனைகள் தட்டையாதல், அடைத்த பல் உடைதல் ஆகியன. காலைத் தலைவலியைத் தலைவிளக்கின் வார் அழுத்தியதால் வந்தது என்றோ, பனியால் வந்தது என்றோ எண்ணி மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குச் செல்வோர் பலர். விளக்கு அணியுமுன்பே, படுக்கையிலிருந்து எழும்போதே வலி இருந்தால் தாடையையும் ஐயுற வேண்டும். வெற்றிலை பாக்குப் போடுவோர்க்கு மற்றுமொரு குழப்பம் நேரும். பாக்கை இடையறாது மெல்லுவதாலும் பற்கள் தேயும். பல்லில் கறையும் படியும். அத்தகையோர், தேய்வு முழுவதையும் பாக்கின் கணக்கில் எழுதிவிட்டு இரவுத் தேய்வை மறந்துவிடுகின்றனர். பாக்கு, வாய்ப்புற்றுநோய்க்கும் காரணமாவதால் அதனை விடுதல் எவ்வகையிலும் நன்று. ஆனால் பாக்கை விட்டதனால் மட்டும் இரவுக் கடி நின்றுவிடும் என்று கூறுவதற்கில்லை.

உறங்கும் குழந்தை பல்லைக் கடித்தால் ‘வயிற்றில் பூச்சி’ என்று கூறிப் பேதி மருந்து கொடுக்கும் வழக்கம் நம் தோட்டங்களில் நெடுநாளாக உண்டு. பூச்சிக்கு மருந்து கொடுப்பது பூச்சி இருப்பதற்காக இருக்கட்டும். பற்கடிக்கு அது மருந்தென்று எண்ண வேண்டாம். குழந்தைகளுள் பெரும்பாலோரிடம் இது வளர வளரத் தானே குறைந்துவிடும். பெரியவர்களிடம் மனக்கவலை, புகைத்தல், மது, மாலைக்குப் பின் அருந்தும் கடுங்கோப்பி, சில வகை மனநோய் மருந்துகள் ஆகியவை இதனை மிகுவிக்கின்றன. மருந்தே காரணமெனத் தோன்றினாலும் தாமாக அதனை நிறுத்திவிடாமல், கொடுத்த மருத்துவரையே கேட்க வேண்டும்.

இரவில் பல்லைக் கடிப்பதை அடியோடு நிறுத்தும் உறுதியான மருந்து இதுவரை இல்லை. ஆகவே பல்லைக் காப்பதே செய்யக்கூடியது. அதற்கென அமைந்ததே ‘நைட் கார்ட்’ எனப்படும் இரவுக் காப்பு. மேல்வரிசை அல்லது கீழ்வரிசைப் பற்கள் முழுவதன்மீதும் பொருந்தி உட்காரும் மெல்லிய தகடு அது. கடிக்கும்போது பல்லுக்குப் பதிலாக அத்தகடு தேயும். தகடு தேய்ந்தால் வேறொன்று செய்துகொள்ளலாம்.

இது ஆளுக்கு ஆள் அளவெடுத்துச் செய்யப்படுவது. பல் மருத்துவர் முதலில் சொத்தையும் ஈறுநோயும் உளவா என ஆராய்வார். இருப்பின் அவற்றைச் சீர்செய்த பின்னரே அளவெடுப்பார். கடற்பாசியிலிருந்து பெறப்படும் ஆல்ஜினேட் என்னும் பொருளைக் குழைத்து ஒரு தட்டில் வைத்து வாயில் பொருத்துவார். சில நிமிடங்களில் அது இறுகிப் பற்களின் அச்சைப் பெறும். அவ்வச்சில் சாந்தை ஊற்றிப் பல்வரிசையின் உருவத்தை வார்த்து, அதன்மேல் அக்ரிலிக் தகட்டை அமைப்பர். அடுத்த வருகையில் மைத்தாளைக் கடிக்கச் செய்து, மேடான இடங்களைச் சீவி, கடி இருபுறமும் ஒத்து விழும்படி செய்வார். இந்தச் சீவல் வேலையே இதன் உயிர்நாடி. கடையில் வாங்கி வெந்நீரில் இளக்கிக் கடித்துக்கொள்ளும் மலிவான காப்புகளில் இது இல்லை. மென்மையான காப்பு சிலரை மேலும் மெல்லத் தூண்டுவதுமுண்டு. முன்பற்களை மட்டும் மூடுவதை நெடுநாள் அணிந்தால் பற்கள் இடம் பெயரக்கூடும்.

பல் மருத்துவத்திற்கும் மரப்பாலுக்கும் பழைய உறவு உண்டு என்பதை இங்குக் குறிப்பிடலாம். அக்ரிலிக் 1930-களின் பிற்பகுதியில் வருமுன், பொய்ப்பற்களின் அடித்தகடு கந்தகம் கலந்து கடினமாக்கப்பட்ட ரப்பரால் ஆனது. குத்துச்சண்டை வீரர்களுக்காக 1890-இல் லண்டன் பல் மருத்துவர் வூல்ஃப் கிராவுஸ் என்பவர் அமைத்த வாய்க்காப்பு கெத்தா பெர்ச்சாவினால் ஆனது. அது நம் ரப்பர் மரத்தின் பாலன்று. மலாயாக் காடுகளில் வளர்ந்த மற்றொரு மரத்தின் பால். வேர்க்குழியை அடைக்க அது இன்றும் பயன்படுகிறது.

காப்பு அணிந்த முதற்சில இரவுகளில் உமிழ்நீர் மிகுதியாகச் சுரக்கும். வாயில் அந்நியப் பொருள் இருப்பதாகத் தோன்றும். இது பழகிவிடும். காலையில் கழற்றியதும் கடி சற்று மாறியதுபோல் இருப்பது சிறிது நேரத்தில் சரியாகும்; நாள் முழுவதும் நீடித்தால் மருத்துவரிடம் திரும்பிச் செல்க. குளிர்ந்த நீரிலும் மிருதுவான தூரிகையிலும் கழுவிப் பெட்டியில் வைக்க வேண்டும். வெந்நீர் பட்டால் தகடு கோணிவிடும். பகலில், உண்ணும் நேரம் தவிர, உதடுகள் மூடியிருக்கப் பற்கள் தொடாதிருத்தலே தாடையின் இயல்பு நிலை. மரத்தடியில் கத்தியை ஊன்றும்போது பல்லை இறுகக் கடிப்பவர்கள் இதனைக் கவனிக்க.

உரக்கக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று, பகலில் தூங்கி வழிவோர் அதனை முதலில் கூறிவிட வேண்டும். அது வேறு நோயாக இருக்கலாம். அத்தகையோர்க்குக் காப்பு மட்டும் போதாது, சிலருக்கு மூச்சுத் தடையை மிகுவிக்கவும் கூடும்.

நெகிரி செம்பிலானில் சிரம்பான், போர்ட்டிக்சன், கோலப்பிலா, தம்பின், ரெம்பாவ் ஆகிய ஊர்களில் அரசாங்கப் பல் சிகிச்சை நிலையங்கள் உள்ளன. குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் மிகச் சிறிது. காப்புக்கான செலவை மட்டும் முன்னரே கேட்டறிதல் நலம். செல்லும்போது அடையாள அட்டையையும் உட்கொள்ளும் மருந்துகளையும் எடுத்துச் செல்க. இயலுமாயின் பக்கத்தில் உறங்குபவரையும் உடன் அழைத்துச் செல்க. எத்தனை இரவுகளாக, எந்நேரத்தில் ஒலி கேட்கிறது என்னும் மருத்துவரின் கேள்விக்கு விடை கூறத்தக்கவர் அவரே.