முதியோர் இல்லங்களில் தேகப்பயிற்சியும் ஆகாரமும்

முதுமையில் உடல் தளர்வது இயற்கையே. எனினும், அத்தளர்ச்சி முழுவதும் வயதினால் மட்டுமே விளைவதன்று. தசைகளுக்கு வேலையின்மையும் போதிய ஆகாரமின்மையும் அதற்குப் பெருங்காரணங்களாகும். நாற்காலியிலிருந்து தாமே எழ இயலாத முதியவர், குளியலறைக்குச் செல்வதற்கும் பிறர் கையை எதிர்பார்க்க நேரிடுகிறது. ஆகவே, தொடைத் தசைகளின் வலிமை அவருடைய சுதந்திரத்துக்கே ஆதாரமாகும்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் நடைபெற்ற சோதனையின் முடிவுகள் 1994-ஆம் ஆண்டில் வெளியாயின. சராசரி 87 வயதுடைய 100 பேர் நான்கு பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் கால் தசைகளுக்குரிய பளுப் பயிற்சி செய்தனர். ஒரு பிரிவினர் சத்துப் பானம் அருந்தினர். ஒரு பிரிவினர் இரண்டையும் பெற்றனர். எஞ்சியோர் இரண்டையும் பெறவில்லை. பத்து வாரங்களில், பயிற்சி பெற்றோரின் தசை வலிமை இருமடங்குக்கு மேல் உயர்ந்தது. நடைவேகமும் சுமார் 12 சதவிகிதம் அதிகரித்தது. பானம் மட்டும் அருந்தியோரின் வலிமை கூடவில்லை. இரண்டையும் பெற்றோர் மட்டுமே மொத்தத்தில் முன்னிலும் மிகுந்த ஆகாரம் உட்கொண்டனர். உழைக்கும் தசையே உணவை நாடுகிறது என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டில், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், ஆதரவற்ற முதியோருக்கு மாவட்டந்தோறும் ஓர் இல்லமேனும் அமைக்க வழி செய்கிறது. இத்தகைய இல்லங்களில் விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. சுவரோரம் அசையாமல் வைத்த நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், அதன் முதுகைப் பற்றிக்கொண்டு குதிகாலை உயர்த்துதல், ஒற்றைக் காலில் சிறிது நேரம் நிற்றல் ஆகியவற்றை வாரம் மூன்று நாட்கள் பழக்கலாம். எண்ணிக்கையைச் சிறிது சிறிதாகவே உயர்த்த வேண்டும். மார்வலியோ தலைச்சுற்றலோ தோன்றின் உடனே நிறுத்தி, மருத்துவரை நாட வேண்டும்.

முதியோர்க்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாள்தோறும் 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 50 முதல் 60 கிராம் ஆகும். கால் லிட்டர் பாலில் சுமார் 8 கிராமும், ஒரு முட்டையில் சுமார் 6 கிராமும் உண்டு. பருப்பு, சுண்டல், தயிர் ஆகியவற்றை மூன்று வேளைக்கும் பகிர்ந்தளிப்பது நன்று. சிறுநீரக நோயுள்ளோர்க்கு மருத்துவர் கூறும் அளவே பொருந்தும்.

அரை நிமிடத்தில் கையூன்றாமல் எத்தனை முறை எழ முடிகிறது என்பதை மாதந்தோறும் குறித்து வருதல், களப்பணியாளர்க்கு எளிய அளவுகோலாகும்; ஆசிரியர்களும் இதனை வகுப்பில் செய்து காட்டலாம். இரண்டு முறை எழுந்தவர் ஐந்து முறை எழுவாராயின், அம்முன்னேற்றம் சிறிதன்று.