எலும்பு முறியவில்லை, கை ஏன் எழவில்லை?

கேள்வி: பைக்கிலிருந்து விழுந்த தம்பிக்கு வலது கையைத் தூக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. பிறகு எம்.ஆர்.ஐ. எதற்கு?

பதில்: எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், நரம்பு தெரியாது. கழுத்துப் பகுதித் தண்டுவடத்திலிருந்து புறப்படும் 5 நரம்பு வேர்கள் காறை எலும்புக்குப் பின்னால் பின்னிப் பிணைந்து, தோள் முதல் விரல் நுனி வரை இயக்குகின்றன. விழும்போது தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் இழுபட்டால், இந்தப் பின்னல் நீளலாம், அறுந்துபோகலாம், வேரோடு பிடுங்கிக்கொண்டும் வரலாம்.

சேதம் எங்கே என்பதுதான் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. வேர் பிடுங்கப்பட்ட இடத்தில் தண்டுவட நீர் கசிந்து பை போலத் தேங்கியிருந்தால், எம்.ஆர்.ஐ. அதைக் காட்டிவிடும். அந்த வேர் தானாக ஒட்டாது. பெரும்பாலும் வேறொரு நரம்பைத் திருப்பி இணைக்க வேண்டியிருக்கும். வெறுமனே இழுபட்ட நரம்பு வீங்கித் தெரியும். அது தானே தேறவும் கூடும்.

காறை எலும்புக்கு மேலுள்ள நரம்புகளை அல்ட்ராசவுண்டிலும் பார்க்கலாம். எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாதவர்களுக்கு, முதுகில் சாய மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. மைலோகிராம் உண்டு.

படம் நரம்பின் வடிவத்தைத்தான் சொல்லும். அது வேலை செய்கிறதா என்று அறிய, விபத்து நடந்து சுமார் 3 வாரங்கள் கழித்து ஈ.எம்.ஜி. பரிசோதனையும் செய்வார்கள்.

அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அடிபட்ட 6 மாதங்களுக்குள் செய்வதே நல்லது. நாள் கடந்தால் தசை மெலிந்து, நரம்பு சேர்ந்தாலும் இயங்க மறுக்கும். தம்பியை இப்போதே நரம்பு அறுவை நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள்.